தி கிளாஷ்: ஆல்பங்களில் இல்லாத பாதி

மழைக்காகிதம்:

வணக்கம். தி கிளாஷ் என்ற லண்டன் பங்க் ராக் குழுவைக் கேட்பவர்கள் இங்கே இரண்டு மூன்று பேராவது இருப்பீர்கள் என்று நம்பிக் கேட்கிறேன். நான் வந்த வழி பாடகி எம்.ஐ.ஏ. ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாட்டு முழுக்க ஒரு கிட்டார் சுற்றிச் சுற்றி வருகிறதே, அது யாருடையது என்று தேடிப் போனால் 1982இல் வந்த ‘காம்பாட் ராக்’ ஆல்பத்தில், ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ என்ற பாட்டில் போய் நின்றது. பத்து நாளாக வேறெதுவும் கேட்க முடியவில்லை.

சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம் என்று 1977இல் வந்த முதல் ஆல்பத்தைப் போட்டேன். 14 பாட்டு, பெரும்பாலானவை இரண்டு நிமிடம், மூச்சு விடாமல் கத்துகிறார்கள். பிடித்திருக்கிறது. ஆனால் இதே ஆட்கள் ஐந்தே வருடத்தில் அந்தப் பாட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தார்கள் என்று பிடிபடவில்லை. நடுவில் படி உடைந்த மாதிரி இருக்கிறது. ஆல்பங்களை வரிசையாகக் கேட்டால் புரியுமா, வேறு வழி இருக்கிறதா?

பழைய ஊசி:

படி உடையவில்லை நண்பரே. அந்தப் படிகளில் பாதி ஆல்பத்தில் இல்லை, அவ்வளவுதான். இந்தக் குழுவை ஆல்பமாக மட்டும் கேட்கிறவர்கள் எல்லோரும் நீங்கள் நிற்கிற இடத்தில்தான் வந்து நிற்பார்கள். பாடகர் ஜோ ஸ்ட்ரம்மரும் கிட்டார் வாசிக்கும் மிக் ஜோன்ஸும் வளர்ந்த காலத்தில் சிங்கிள் என்பது, முன்னும் பின்னும் ஒவ்வொரு பாட்டுள்ள சின்னத் தட்டு, தனியாக வாங்குகிற பொருள், அதே பாட்டை மறுபடி ஆல்பத்திலும் விற்பது ரசிகனை ஏமாற்றுவது மாதிரி. அதனால் 1977 செப்டம்பரிலிருந்து 1978 நடுப்பகுதி வரை அவர்கள் செய்த மிக நல்ல மூன்று பாட்டுகள் இங்கிலாந்தில் எந்த ஆல்பத்திலும் வரவில்லை. ‘கம்ப்ளீட் கண்ட்ரோல்’, ‘கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்’, ‘வைட் மேன் இன் ஹேமர்ஸ்மித் பாலே’. உங்களுக்கு விட்டுப்போனது இந்த மூன்றும்தான்.

முதல் ஆல்பத்திலேயே ஒரு குறிப்பு இருக்கிறது, கவனித்தீர்களா? எல்லாம் இரண்டு நிமிடம் என்றீர்கள், ஆனால் ‘போலீஸ் அண்ட் தீவ்ஸ்’ ஆறு நிமிடம். ஜமைக்காவின் ஜூனியர் மர்வின் பாடிய ரெகே பாட்டு அது. வேறு எந்த பங்க் குழுவும் அப்போது அதைத் தொட்டிருக்காது. அந்தப் பாட்டை முதலில் தயாரித்தவர் லீ ‘ஸ்க்ராட்ச்’ பெர்ரி. அதே பெர்ரிதான் சில மாதம் கழித்து ‘கம்ப்ளீட் கண்ட்ரோல்’ பாட்டுக்கும் தயாரிப்பாளராக வந்து உட்கார்ந்தார். கிங்ஸ்டனிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதர், இவர்கள் வெறும் இருபத்திச் சொச்சம் வயதுப் பையன்கள்.

அந்தப் பாட்டு பிறந்த கதையும் முக்கியம். 1977 ஜனவரியில் சிபிஎஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் 1,00,000 பவுண்டுக்கு இவர்களை ஒப்பந்தம் செய்தது. மே மாதம் இவர்களைக் கேட்காமலேயே ‘ரிமோட் கண்ட்ரோல்’ பாட்டை சிங்கிளாக வெளியிட்டது. வந்த கோபத்தில் எழுதியதுதான் ‘கம்ப்ளீட் கண்ட்ரோல்’. கம்பெனியைத் திட்டி எழுதிய பாட்டை அதே கம்பெனியின் முத்திரையோடு வெளியிட வைத்தார்கள். இங்கிலாந்து சிங்கிள் விற்பனைப் பட்டியலில் 28ஆம் இடம் வரை போனது. ஜோன்ஸின் கிட்டார் அதில் முதன்முறையாகத் திறந்து பாடுகிறது. முதல் ஆல்பத்தின் அடைசலான சத்தத்துக்குப் பிறகு அதைப் போட்டுப் பாருங்கள், சன்னலைத் திறந்த மாதிரி இருக்கும்.

தெருமுனை:

ஊசி அண்ணா சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். சிங்கிள்கள் அருமை, மறுக்கவில்லை. ஆனால் புதிதாக வருகிறவரிடம் உதிரித் தட்டுகளைப் பொறுக்கச் சொல்வது சரியா? ‘லண்டன் காலிங்’ ஒன்றைக் கையில் கொடுத்தால் போதாதா? 1979 டிசம்பர் 14 வெளியீடு, 19 பாட்டு, ராக்கபில்லி, ஸ்கா, ரெகே, ஜாஸ் வாடை, பியானோ, ஹார்ன் எல்லாம் உள்ளே இருக்கிறது. ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ போவதற்கான கதவு அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

அந்த ஆல்பத்தின் விலைக் கதையே ஒரு பாடம். இரட்டை ஆல்பம் வேண்டும் என்றார்கள், சிபிஎஸ் முடியாது என்றது. சரி, ஒற்றை ஆல்பத்தோடு ஒரு 12 அங்குல சிங்கிளை இலவசமாக வைக்கலாமா என்று கேட்டார்கள், கம்பெனி ஒத்துக்கொண்டது. அந்த இலவசத் தட்டில் பாட்டு ஏறிக்கொண்டே போய், கடைசியில் ஒன்பது பாட்டுள்ள முழு எல்பியாக, அதாவது முழுநீளத் தட்டாக, நின்றது. வாங்குகிறவன் ஒரு எல்பி விலைதான் கொடுத்தான். கடைசிப் பாட்டு ‘ட்ரெயின் இன் வெய்ன்’ தாமதமாகச் சேர்ந்ததால் உறையில் பெயர்கூட இல்லை. அந்தப் பெயரில்லாத பாட்டுதான் அமெரிக்காவில் 23ஆம் இடம் பிடித்தது.

தயாரிப்பாளர் கை ஸ்டீவன்ஸ் ஸ்டூடியோவில் நாற்காலியைத் தூக்கி எறிவாராம், பாடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஏணியைச் சுழற்றுவாராம். அந்தப் பதற்றம் தட்டில் கேட்கிறது. அட்டைப் படமும் அப்படித்தான், நியூயார்க் பலேடியம் மேடையில் குழுவின் பேஸ் வாசிப்பாளர் பால் சிமனன் தன் கிட்டாரை ஓங்கி அடிக்கிற நொடி, பென்னி ஸ்மித் எடுத்தது. படம் கலங்கியிருக்கிறது, வேண்டாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். ஸ்ட்ரம்மர் கேட்கவில்லை.

பழைய ஊசி:

‘லண்டன் காலிங்’ பற்றி உங்களோடு எனக்குச் சண்டையே கிடையாது. ஆனால் 1977க்கும் 1979 டிசம்பருக்கும் நடுவில் என்ன நடந்தது என்று தெரியாமல் அதைக் கேட்டால் வானத்திலிருந்து விழுந்த மாதிரி இருக்கும். நடுவில் இருக்கிற ஆல்பம் ‘கிவ் எம் இனஃப் ரோப்’, 1978 நவம்பர். இங்கிலாந்தில் 2ஆம் இடம் வரை போனது. அதைக் கேட்டால் இந்த மாற்றம் புரியாது, ஏனென்றால் அது வேறு பக்கம் போகிறது. சாண்டி பெர்ல்மன் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், ப்ளூ ஆய்ஸ்டர் கல்ட் குழுவோடு வேலை செய்தவர், எல்லாவற்றையும் கனமாக, பளபளப்பாக ஆக்கிவிட்டார். டாப்பர் ஹெடனின் டிரம்ஸ் மட்டும் தப்பித்தது, ‘டாமி கன்’ பாட்டில் ஸ்நேர் டிரம் இயந்திரத் துப்பாக்கி மாதிரி வெடிக்கும்.

இப்போது அதே 1978, ஆனால் ஜூன் மாதம் வந்த ‘வைட் மேன்’ சிங்கிளைப் போடுங்கள். ஸ்ட்ரம்மர் ஹேமர்ஸ்மித் பாலே அரங்கத்துக்கு விடிய விடிய நடக்கும் ரெகே நிகழ்ச்சிக்குப் போகிறார். டிலிஞ்சர், லீராய் ஸ்மார்ட், டெல்ராய் வில்சன் எல்லாம் பாடுகிறார்கள். இவர் எதிர்பார்த்தது கலகக் குரல், மேடையில் நடந்ததோ பளபளப்பான கேளிக்கை. அங்கிருந்து பாட்டு நகர்ந்து வெள்ளை இளைஞன், கறுப்பு இளைஞன், காசு யார் கையில் இருக்கிறது, பங்க் குழுக்கள் மேடை வெளிச்சத்தில் நல்ல இடத்துக்காகச் சண்டை போடுவது, இங்கிலாந்தில் பெருகுகிற வெறுப்பு என்று போகிறது. எல்லாவற்றுக்கும் மேல் தன்னையே கேள்வி கேட்கிறார், அந்தக் கூட்டத்தில் நான் யார் என்று. 1977 ஆல்பத்தில் அடுத்தவனைத்தான் கேட்டார். ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ எழுத வேண்டுமென்றால் முதலில் இந்தப் பாட்டை எழுதியிருக்க வேண்டும். 32ஆம் இடத்தோடு நின்றது. எனக்கு அது அவர்கள் செய்ததிலேயே மேலான நான்கு நிமிடம்.

கிழக்குலண்டன்:

வணக்கம் எல்லாருக்கும். நான் இந்தப் பக்கம் அதிகம் எழுதுவதில்லை, ஆனால் ‘வைட் மேன்’ பற்றிக் கதைக்கும்போது சும்மா இருக்க ஏலாது. ஊசி அண்ணை சொன்ன அந்த ‘பெருகுகிற வெறுப்பு’ என்ன என்று கொஞ்சம் சொல்ல வேணும். அந்த நேரம் இங்கே நேஷனல் ஃப்ரண்ட் என்ற கட்சி வெளிப்படையாகவே கறுப்பர்களையும் ஆசியர்களையும் துரத்த வேண்டும் என்று ஊர்வலம் போனது. அதற்கு எதிராக ராக் அகேன்ஸ்ட் ரேசிசம் என்ற இயக்கம் 1978 ஏப்ரல் 30ஆம் திகதி ஹாக்னி விக்டோரியா பார்க்கில் பெரிய கச்சேரி வைத்தது, கிளாஷ் அதில் வாசித்தார்கள். அந்தப் பூங்காவில் நான் எத்தனையோ தரம் நடந்திருக்கிறேன். எங்கட சனம் பெருமளவில் இங்கே வந்தது 1983க்குப் பிறகு. அதற்கு முன்னமே யாரோ ஒரு கூட்டம் அங்கே நின்று எங்களை மாதிரி ஆட்களுக்காகக் கத்தியிருக்கிறது என்று நினைக்கும்போது மனசுக்குள் ஏதோ செய்யும்.

மழைக்காகிதம், நீங்கள் எம்.ஐ.ஏ. வழியாக வந்தது தற்செயல் இல்லை என்றுதான் நான் சொல்வேன். அவ லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, சென்னையிலும் கொஞ்ச நாள் இருந்து, பிறகு அகதியாக இங்கே திரும்பி வந்தவ. ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ பாட்டில் யார் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். வட இங்கிலாந்தின் மூடிப்போன எஃகு ஆலைகள், சரியாக ஆங்கிலம் பேசாததால் உனக்கு இங்கே இடமில்லை என்று சொல்லப்பட்டவர்கள், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய் விட்டுப்போன பிள்ளை தகப்பனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னையும் கூட்டிப் போ என்று கேட்பது. கதவடைக்கப்பட்டவர்களின் பாட்டு அது. 25 வருடம் கழித்து, கதவடைக்கப்பட்ட பக்கத்திலிருந்து வந்த ஒருத்தி அதே கிட்டாரை எடுத்து, விசா பற்றியும் குடியேறிகளைப் பார்த்து ஊர் பயப்படுவது பற்றியும் பாடினா. அந்தப் பாட்டு அமெரிக்காவில் 4ஆம் இடம். எழுதியவர்கள் பட்டியலில் எம்.ஐ.ஏ. பெயரோடு ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சிமனன், ஹெடன் நாலு பேரின் பெயரும் இருக்கிறது. அந்தக் கடனை மறைக்கவில்லை.

மழைக்காகிதம்:

இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. நன்றி அண்ணா. அந்தப் பிள்ளையின் பகுதி எனக்குப் பாதிதான் புரிந்திருந்தது.

ஊசி அண்ணா, நீங்கள் சொன்ன மூன்றையும் தேடும்போது ஒரு குழப்பம். முதல் ஆல்பத்திலேயே ‘கம்ப்ளீட் கண்ட்ரோல்’ இருப்பதாக ஓர் இடத்தில் காட்டுகிறது. எது சரி?

பழைய ஊசி:

இரண்டும் சரி. முதல் ஆல்பம் 1977 ஏப்ரலில் வந்தபோது அமெரிக்கக் கிளை அதை வெளியிடவே மறுத்துவிட்டது, ஒலித் தரம் மோசம் என்று காரணம். ஆனால் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாகவே அங்கே 1,00,000 பிரதிக்கு மேல் போயிற்று. பிறகு 1979 ஜூலையில் வெளியிட்டார்கள், நான்கு பாட்டைத் தூக்கிவிட்டு சிங்கிள்களைச் சேர்த்து. எளிதாகக் கண்டுபிடிக்கலாம்: ‘ஜேனி ஜோன்ஸ்’ முதல் பாட்டாக இருந்தால் இங்கிலாந்துப் பதிப்பு, ‘கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்’ முதலில் வந்தால் அமெரிக்கப் பதிப்பு. பாட்டுக்குப் பாட்டு பார்த்தால் அமெரிக்கப் பதிப்பு வலுவானது. ஆனால் அதில் இரண்டு வருட வளர்ச்சியை ஒன்றாகக் கலக்கிவிட்டார்கள். நீங்கள் தேடுவது வளர்ச்சியை என்பதால் இங்கிலாந்துப் பதிப்பைக் கேட்டுவிட்டு சிங்கிள்களைத் தனியாகக் கேளுங்கள்.

சிங்கிளின் பின்பக்கத்தையும் விடாதீர்கள். ‘லண்டன் காலிங்’ சிங்கிளைத் திருப்பினால் ‘ஆர்மகிடியன் டைம்’. வில்லி வில்லியம்ஸ் பாடிய ரெகே பாட்டு. சிங்கிள் என்றால் மூன்று நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது என்று பேச்சு, அதனால் நேரம் முடிந்ததும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து குழுவோடு வேலை செய்த காஸ்மோ வைனில் போதும் என்று குரல் கொடுக்கிறார். ஸ்ட்ரம்மர் சூடாக வாசிக்கும்போது எங்களை நிறுத்தாதே என்கிற மாதிரி பதில் சொல்லிவிட்டுத் தொடர்கிறார். இரண்டு குரலும் தட்டிலேயே இருக்கின்றன. ஒரு பங்க் குழு டப் இசைக்குள், ரெகேயின் எதிரொலி நிறைந்த கிளைக்குள், நுழைந்து வெளியே வர மறுக்கிற தருணம் அது.

அதற்கு அடுத்தது ‘பேங்க்ராபர்’, 1980. ஜமைக்காவின் மைக்கி ட்ரெட் தயாரிப்பு. சிபிஎஸ் அதிகாரிகளுக்குப் பிடிக்காமல் வெளியிட மறுத்தார்கள். ஹாலந்திலிருந்து இறக்குமதியாக வந்து கடைகளில் விற்கத் தொடங்கிய பிறகுதான் வழிக்கு வந்தார்கள். 12ஆம் இடம். ஆல்பம்? அதுவும் இல்லை.

தெருமுனை:

சரி அண்ணா, ‘ஆர்மகிடியன் டைம்’ விஷயத்தில் தோற்றேன். நேற்று இரவு நான்கு தடவை கேட்டேன்.

ஆனால் ‘சாண்டினிஸ்டா’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே. மூன்று தட்டு, 36 பாட்டு, 1980 டிசம்பர். நிகரகுவா புரட்சியாளர்களின் பெயரை ஆல்பத்துக்கு வைத்து, அவர்கள் இயக்கத்தின் எழுத்துகளையே தட்டின் எண்ணாகவும் போட்டார்கள். விலையைக் குறைக்க இங்கிலாந்தில் முதல் 2,00,000 பிரதிக்கு வரவேண்டிய ராயல்டியை விட்டுக்கொடுத்தார்கள். அந்த மனசை நான் மதிக்கிறேன். ஆனால் இசையாக, ஐந்தாவது ஆறாவது பக்கமெல்லாம் உட்கார்ந்து கேட்க முடியவில்லை. ஒரு பாட்டு இன்னொரு பாட்டைத் தலைகீழாக ஓட்டியது. ஒரு பாட்டை இசைக்குழு நண்பரின் குழந்தைகள் பாடுகிறார்கள். இரண்டு தட்டோடு நிறுத்தியிருந்தால் ‘லண்டன் காலிங்’ பக்கத்தில் வைக்கலாம்.

கிழக்குலண்டன்:

நான் மறுக்கிறேன். அந்த வழிதவறல்கள் இல்லாமல் ‘தி மேக்னிஃபிசண்ட் செவன்’ வந்திராது. நியூயார்க்கில் ராப் இசை தெருவிலிருந்து தட்டுக்கு ஏறிக்கொண்டிருந்த நேரம், ஜோன்ஸ் அதில் கிறங்கிப்போய் இருந்தார். வேலைக்குப் போகிறவனின் ஒரு நாளை ஸ்ட்ரம்மர் ராப்பாகச் சொல்கிறார். அதன் நடன வடிவத்தை நியூயார்க்கின் டபிள்யூபிஎல்எஸ் என்ற கறுப்பர் வானொலி ஓயாமல் போட்டது. லண்டன் வெள்ளைப் பையன்களின் பாட்டு என்று தெரியாமலேயே ஆடினார்கள். பிறகு 1981இல் பாண்ட்ஸ் அரங்கில் எட்டு நாள் என்று தொடங்கிய கச்சேரி 17 கச்சேரியாக நீண்டது.

நான் முதன்முதலில் பழைய பிரதி ஒன்று வாங்கியபோது உறைக்குள் இரண்டு தட்டுதான் இருந்தது, மூன்றாவதைக் காணவில்லை. விற்றவர் பிறகு பதிலே போடவில்லை. இரண்டு வருடம் அந்த இரண்டு தட்டோடே இருந்தேன். கடைசியில் முழுப் பிரதி கிடைத்தபோது, தெருமுனை கேட்க முடியாது என்கிற அந்தப் பக்கங்களைத்தான் முதலில் போட்டேன். எனக்கு இன்றைக்கும் அது பிடிக்கும். நாலு பேர் எந்தக் கணக்கும் பாராமல் விளையாடுகிற சத்தம்.

பழைய ஊசி:

அந்த விளையாட்டு அடுத்த வருடமே முடிந்துவிட்டது. ‘காம்பாட் ராக்’ வேலைக்கு உட்கார்ந்தபோது ஜோன்ஸ் செய்த கலவை 75 நிமிடத்துக்கு மேல், இன்னொரு இரட்டை ஆல்பம். மற்றவர்களுக்கு ஒப்பவில்லை. க்ளின் ஜான்ஸ் என்ற தயாரிப்பாளரைக் கூப்பிட்டு ஒற்றைத் தட்டாக வெட்டினார்கள். ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ பாட்டே முதலில் கிட்டத்தட்ட ஏழு நிமிடம். முழு வடிவம் 1991இல் வந்த ‘கிளாஷ் ஆன் பிராட்வே’ தொகுப்பில் இருக்கிறது, மழைக்காகிதம் கட்டாயம் கேளுங்கள், ஆல்பத்தில் இல்லாத ஒரு பகுதியே அதில் வருகிறது.

அப்புறம் ஹெடன் கதை. ‘ராக் த காஸ்பா’ இசை அவருடையது. மற்றவர்கள் வருவதற்கு முன் ஸ்டூடியோவுக்கு வந்து டிரம்ஸ், பியானோ, பேஸ் மூன்றையும் தானே வாசித்துப் பதிவு செய்து வைத்தார். ஆல்பம் வந்தது 1982 மே 14, அதே மாதம் ஹெராயின் பழக்கத்தால் அவரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அந்தப் பாட்டு அமெரிக்காவில் 8ஆம் இடம் போனது, அவர்களின் மிகப் பெரிய அமெரிக்க வெற்றி. ஆனால் அதன் வீடியோவில் டிரம்ஸ் முன்னால் உட்கார்ந்திருப்பவர் முதல் ஆல்பத்தில் வாசித்த டெரி சைம்ஸ். அந்த வீடியோவை நான் இன்றும் முழுதாகப் பார்ப்பதில்லை.

தெருமுனை:

1983இல் ஜோன்ஸையும் அனுப்பினார்கள். பிறகு 1985இல் ‘கட் த க்ராப்’. மேனேஜர் பெர்னி ரோட்ஸே வேறு பெயரில் தயாரித்தது, டிரம் மெஷின், கூட்டக் கூச்சல். 2013இல் வந்த பெரிய தொகுப்புப் பெட்டியில் ஐந்து ஆல்பம்தான், ஆறாவதை அவர்களே சேர்க்கவில்லை. நானும் சேர்க்க மாட்டேன்.

பழைய ஊசி:

ஆல்பத்தை விடுங்கள், ஆனால் ‘திஸ் இஸ் இங்கிலாண்ட்’ சிங்கிளை விடாதீர்கள். அந்தக் குப்பைக்கு நடுவில் ஸ்ட்ரம்மரின் குரல் தனியாக, களைத்துப்போய், ஃபால்க்லாந்துப் போருக்குப் பிந்திய நாட்டைப் பார்த்துப் பாடுகிறது. 24ஆம் இடம். அதைக் கேட்காமல் ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ பாடிய மனிதன் எங்கே போய் முடிந்தான் என்று தெரியாது.

கிழக்குலண்டன்:

அண்ணை, முடிவு அது இல்லை. 2002 நவம்பர் 15, ஆக்டன் டவுன் ஹால். வேலைநிறுத்தம் செய்த தீயணைப்பு வீரர்களுக்காக ஸ்ட்ரம்மர் தன் புதுக் குழுவோடு வாசித்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் இருந்த ஜோன்ஸ் ஒன்றும் சொல்லாமல் மேடை ஏறி கிட்டாரைப் போட்டுக்கொண்டார். கிட்டத்தட்ட 20 வருடத்துக்குப் பிறகு இருவரும் ஒரே மேடையில். வாசித்ததில் ‘வைட் ரயட்’ இருந்தது, 1977 மார்ச்சில் வந்த அவர்களின் முதல் சிங்கிள். அடுத்த மாதம் 22ஆம் திகதி ஸ்ட்ரம்மர் இறந்துவிட்டார், வயது 50.

மழைக்காகிதம்:

எல்லோரும் சொன்னதை வரிசையாக எழுதிக் கேட்டு முடித்தேன், நான்கு நாள் ஆனது. ‘வைட் ரயட்’, முதல் ஆல்பம், ‘கம்ப்ளீட் கண்ட்ரோல்’, ‘கிளாஷ் சிட்டி ராக்கர்ஸ்’, ‘வைட் மேன்’, அப்புறம் ‘லண்டன் காலிங்’, ‘ஆர்மகிடியன் டைம்’, ‘பேங்க்ராபர்’. ‘சாண்டினிஸ்டா’ இப்போது நான்காவது பக்கத்தில் இருக்கிறேன், தெருமுனை சொன்ன இடம் இன்னும் வரவில்லை.

‘வைட் மேன்’ முடிந்தவுடன் நிறுத்திவிட்டு ‘ஸ்ட்ரெயிட் டு ஹெல்’ ஏழு நிமிட வடிவத்தைப் போட்டேன். இரண்டிலும் அதே ஆள் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறார். ஊசி அண்ணா சொன்ன படி அங்கேதான் இருந்தது. இந்த ஞாயிறு ‘பேங்க்ராபர்’ சிங்கிளின் பின்பக்கம் தேடப் போகிறேன், யாரிடமாவது இருந்தால் அதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லாதீர்கள், நானே கேட்டுக்கொள்கிறேன்.